மண்டையோட்டை அளந்து எந்தப் பூனை என்று சொல்வது எப்படி?

வனத்துறை ஒரு மண்டையோட்டைப் பறிமுதல் செய்கிறது. விற்க வந்தவர் அதுவரை அதைப் புலி என்று விலை பேசிக்கொண்டிருந்திருப்பார். பிடிபட்டதும் "நாய் மண்டைங்க சார்" என்பார். இரண்டில் எது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். கால்நடை மருத்துவர், விலங்கியல் மாணவர், வனத்துறையோடு வேலை செய்யும் ஆய்வாளர் என யாருக்கும் அந்த வேலை வந்து சேரலாம். அப்படி முதல்முறையாக மாட்டிக்கொள்பவருக்காக இதை எழுதுகிறேன்.

காலிப்பர் (இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை வைத்து அளக்கும் கருவி) பிடிக்கக் கற்றுக்கொள்வது சுலபம். என்னை அலைக்கழித்தவை வேறு: அனுமதிக் கடிதங்கள், வயது தெரியாத மண்டையோடுகள், எதைக் கொடுத்தாலும் ஒரு பெயரைச் சொல்லிவிடும் மென்பொருள். இங்கே சொல்வதெல்லாம் இந்திய நடைமுறை.

1. மண்டையோட்டைத் தேடும் முன் அனுமதியைத் தேடுங்கள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 39-ஆம் பிரிவுப்படி, வேட்டையாடப்பட்ட காட்டுவிலங்கும் இறந்து கிடக்கும் காட்டுவிலங்கும் அரசுச் சொத்து. அதன் எலும்பும் அப்படித்தான். கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். முன் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அந்த அட்டவணையில் இருப்பவை புலியும் சிறுத்தையும் மட்டும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் மண்டையோடு கொண்ட துரும்பன் பூனையும் அதில்தான் இருக்கிறது.

எஸ்டேட் ஓரத்தில் கிடந்தது, பழகிப் பார்க்க எடுத்து வந்தேன் என்று சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குத்தானே என்ற வாதம் எடுபடாது. கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு ரேஞ்சருக்கு போன் செய்யுங்கள். எடுக்க வேண்டாம்.

வனத்துறை வசமுள்ளவற்றை அளக்க, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், இரண்டு மூன்று பக்கத்தில் ஆய்வுத் திட்டம், எந்த அலுவலகத்தில் உள்ள எந்த மண்டையோடுகள் என்ற பட்டியல், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணையுங்கள். "அளவும் படமும் மட்டுமே எடுக்கப்படும், எலும்பில் துளையிடப்படாது" என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். டிஎன்ஏவுக்காகத் துளையிடுவதையும் அளப்பதையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டால் கோப்பு மேசைக்கு மேசை அலையும். என் கோப்பு அப்படி ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்கியது. எல்லாம் சரியாக இருந்தாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். படிப்பு முடியும் பருவத்தில் விண்ணப்பித்தால் கடிதம் வரும்போது நீங்கள் கல்லூரியில் இருக்க மாட்டீர்கள்.

2. எதில் பழகுவது?

வீட்டுப் பூனையில் தொடங்குங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் பூனை, நாய் மண்டையோடுகள் இருக்கும். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பெரும்பாலும் செலவில்லை. பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பதால் அளவெடுக்கும் புள்ளிகள் அப்படியே பொருந்தும்.

அடுத்து அருங்காட்சியகச் சேகரிப்புகள். கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை, அதன் சென்னை மையம், மும்பையின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டேராடூனின் இந்திய வன உயிரின நிறுவனம் ஆகியவற்றை முதலில் விசாரிக்கலாம். போகும் முன் பதிவேட்டு எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டும் தங்கும் அறையும்தான் இந்த வேலையின் பெரிய செலவு. அங்கே போன பிறகு "அந்த அலமாரிச் சாவி வைத்திருப்பவர் லீவு" என்று கேட்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு மார்ஃபோசோர்ஸ் என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. பல நாட்டு அருங்காட்சியகங்களின் மண்டையோடுகள் முப்பரிமாண ஸ்கேனாக அங்கே உள்ளன. சிலவற்றுக்கு உரிமையாளரின் சம்மதம் கேட்க வேண்டும். மற்றவற்றை இறக்கித் திரையிலேயே அளக்கலாம்.

ஒப்பீட்டுக்கு எடுக்கும் மண்டையோடு காட்டில் வாழ்ந்த விலங்கினுடையதா, மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்ததா என்று லேபிளைப் பாருங்கள். கூண்டில் வளர்ந்த சிங்கம், புலியின் மண்டையோடு காட்டு விலங்கினுடையதைவிட அகலமாகவும் குட்டையாகவும் போய்விடுகிறது. அதை வைத்து எல்லைகளை வகுத்தால் பிறகு வரும் எல்லாமே கோணலாகும். இடமும் வயதும் பாலும் குறிக்கப்படாத மண்டையோட்டைப் பழகப் பயன்படுத்துங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. கருவிகள்

150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர் ஒன்று சிறிய பூனைகளுக்கும் பற்களுக்கும் போதும். சாதாரணமானது ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கும்; பேர்பெற்ற கம்பெனியுடையது அதைப்போல் பல மடங்கு. நீதிமன்றம் போகும் வேலை என்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன், அளவுத்திருத்தச் சான்றிதழுடன்.

பலரும் கடையில் கேட்டு 300 மி.மீ. காலிப்பரை வாங்கி வருகிறார்கள். ஆண் வங்கப்புலியின் மண்டையோடு அதில் நுழையாது. 600 மி.மீ. காலிப்பர் விலை அதிகம். அதற்குப் பதில் ஒரு சமதளப் பலகையில் மி.மீ. தாளை ஒட்டி, ஒரு முனையில் செங்குத்தாக மரக்கட்டையைப் பதித்து, மறுமுனையில் நகரும் கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் சொன்னால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

இன்னும் தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், தூளில்லா நைட்ரைல் கையுறை, மண்டையோடு உருளாமல் இருக்க மணல் நிரப்பிய துணிப்பை, படத்தில் வைக்க அளவுகோல்.

4. சீலை உடைக்கும் முன்

பறிமுதல் மகஜரின் நகலை வாங்கிப் படியுங்கள். அதில் "ஒரு மண்டையோடு, கீழ்த்தாடையுடன்" என்று இருந்து, பொட்டலத்தில் கீழ்த்தாடை இல்லாவிட்டால் அளக்கத் தொடங்காதீர்கள்; கொண்டு வந்தவரிடமே எழுதி வாங்குங்கள். பொட்டலத்தின் மேல் உள்ள முத்திரையும் அனுப்புக் கடிதத்தில் உள்ள முத்திரை மாதிரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். சீல் உடைக்கும் முன், உடைத்த பின், மறுபடி சீல் வைத்த பின் என மூன்று நிலையிலும் படம் வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ற வரிசை ஒரு இடத்தில் அறுந்தாலும் உங்கள் அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

டிஎன்ஏ சோதனைக்கும் போக வாய்ப்புள்ளதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கழுவக் கூடாது. பிளீச்சிங், வார்னிஷ் எதுவும் வேண்டாம். விழுந்த பல்லைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தனிக் கவரில் போட்டு எண் இடுங்கள். சூடான ஊசியைக் குத்தினால் பிளாஸ்டிக்கா எலும்பா என்று தெரியும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சாட்சியப் பொருளைச் சேதப்படுத்துவது. வார்ப்பில் செய்த போலியாக இருந்தால் லென்ஸில் காற்றுக்குமிழ்களும் அச்சு சேர்ந்த கோடும் பெரும்பாலும் கண்ணில் படும்.

5. பூனைக் குடும்பம்தானா?

அளவுகோலைத் தொடும் முன் பற்களை எண்ணுங்கள். பல் விழுந்திருக்கும், பிடுங்கியும் விற்றிருப்பார்கள். அதனால் பல்குழிகளை எண்ணுவதே சரி. பூனைக் குடும்பத்தில் பொதுவாக 30 பல். நாய்க்கு 42. கழுதைப்புலிக்கு 34. கரடி 42, ஆனால் நம் தேன்கரடிக்கு மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் கிடையாது, ஆக 40. லின்க்ஸ், பல்லாஸ் பூனை போன்றவற்றில் மேல்தாடையின் முதல் சிறு முன்கடைவாய்ப்பல் இல்லாததால் 28 வரும்.

மேல்தாடையின் கடைசிப் பெரிய பல்லைப் பாருங்கள். பூனையில் அது கத்தரிபோல இறைச்சியை வெட்டும் பல். ஆய்வகத்தில் கார்னேசியல் என்பார்கள், குறிப்பில் பி4 என்று எழுதுவோம். அதற்குப் பின்னால் துளியூண்டு ஒரு பல் மட்டும் ஒளிந்திருக்கும். நாயிலும் கரடியிலும் பின்னால் அரைக்கும் அகலப் பற்கள் இருக்கும். மூஞ்சி குட்டையாக, கண்குழிகள் பெரிதாக முன்னோக்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தனிக் கோரைப்பல் மட்டும் வந்தால், பூனையுடையதில் நீளவாக்கில் மெல்லிய பள்ளக் கோடுகள் ஓடும்.

சந்தைக்கு வரும் "புலி மண்டை"யில் பெரிய நாயினுடையது நிறைய. இந்தப் படியிலேயே அது கழிந்துவிடும்.

6. குட்டியா, வளர்ந்ததா?

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. புலிக்குட்டியின் மண்டையோடு வளர்ந்த சிறுத்தையின் நீளம் இருக்கலாம். சிறுத்தைக்குட்டியுடையது மீன்பிடிப் பூனையின் நீளம் இருக்கலாம். நீளத்தை மட்டும் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

மண்டையோட்டைக் கவிழ்த்து, தண்டுவடம் நுழையும் பெரிய துளைக்கு முன்னால் குறுக்காக ஓடும் பொருத்துக் கோட்டைப் பாருங்கள். அது திறந்திருந்தால் விலங்கு முழுதாக வளரவில்லை. பால் பற்கள் இருக்கின்றனவா, நிலைப்பற்கள் பாதி முளைத்த நிலையில் தாடைக்குள் தெரிகின்றனவா என்று பாருங்கள். உச்சியில் ஓடும் எலும்பு மேடு உயர்ந்திருந்தால் வளர்ந்த விலங்கு, அதிலும் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இளம் விலங்கு என்று தெரிந்தால் மண்டையோட்டு நீளத்தை மறந்துவிட்டுப் பல்லுக்குப் போங்கள். நிலைப்பல்லின் மகுடம் முளைத்த பிறகு வளர்வதில்லை. அதனால்தான் என் தாளில் பி4 நீளத்துக்கு முதல் வரி.

7. எதை அளப்பது?

நாற்பது அளவு எடுக்கச் சொல்லும் பட்டியல்கள் உண்டு. பறிமுதலான மண்டையோட்டில் பாதிப் புள்ளிகள் உடைந்திருக்கும். நான் எடுப்பவை இவை: பி4 நீளம், கீழ்த்தாடைக் கடைசிப் பல்லின் நீளம், எனாமல் முடியும் இடத்தில் கோரைப்பல்லின் முன்பின் விட்டமும் பக்கவாட்டு விட்டமும், மண்டையோட்டின் முழு நீளம், வெட்டுப்பற்களின் முன்விளிம்பிலிருந்து கழுத்தெலும்பு பொருந்தும் குமிழ்கள் வரையுள்ள நீளம், கன்ன வளைவுகளின் உச்ச அகலம், கண்குழிகளுக்கு இடையே குறைந்த அகலம், கோரைப்பற்கள் இருக்கும் இடத்தில் மூஞ்சியின் அகலம், கீழ்த்தாடை நீளம்.

முழு நீளம் பின்மண்டை மேட்டின் நுனி வரை போகும், அந்த மேடு வயதோடு வளரும். கழுத்துக் குமிழ் வரையான நீளம் அதைவிட நம்பகமானது. இரண்டையும் எடுங்கள், ஒப்பிடும்போது எது எதோடு என்று குழப்பாதீர்கள். பழைய அட்டவணைகளில் வெறுமே நீளம் என்று போட்டிருந்தால், எந்த நீளம் என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை அளங்கள், முந்தைய எண்ணைப் பார்க்காமல். முடிந்தால் மறுநாள் ஒருமுறை, வேறொருவர் கையால் ஒருமுறை. இடது பக்கம் அளந்தீர்களா, வலதா என்று குறியுங்கள். உடைந்த புள்ளியில் ஊகித்து எண் போடாமல் கோடு போடுங்கள். பச்சையாக வந்த எலும்பு உலரும்போது சற்றுச் சுருங்கும், ஆகவே நிலையையும் எழுதுங்கள். ஒரு மண்டையோட்டுக்கு முதலில் அரை நாள் போகும். கை பழகிய பின் ஒன்றிரண்டு மணி நேரம்.

8. எந்த இனம்?

வளர்ந்த விலங்கின் முழு நீளம் தோராயமாக இப்படி வரும். வங்கப்புலி ஆண் 33 முதல் 38 செ.மீ., பெண் 27 முதல் 31. ஆசியச் சிங்கம் ஆண் 33, 34 செ.மீ. அளவில், பெண் 30-ஐ ஒட்டி. சிறுத்தை ஆண் 20-இலிருந்து 27, அரிதாக 28 வரை; பெண் அதைவிடச் சிறிது. பனிச்சிறுத்தை 20-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ. மீன்பிடிப் பூனை 12 முதல் 15. காட்டுப்பூனை 10 முதல் 13. சிறுத்தைப்பூனையும் வீட்டுப்பூனையும் 8 முதல் 10. துரும்பன் பூனை 7, 8.

27 செ.மீ. மண்டையோடு வந்தால் பெரிய ஆண் சிறுத்தையாகவும் இருக்கலாம், சிறிய பெண்புலியாகவும் இருக்கலாம். அங்கே பி4 கைகொடுக்கும். புலியில் அது பெரும்பாலும் 30 மி.மீ.க்கு மேல்; சிறுத்தையில் 20-க்கும் 28-க்கும் இடையில். நடுவே வந்து நின்றால் அடித்துச் சொல்லாதீர்கள்.

சிங்கமா புலியா என்பதற்கு அளவு உதவாது, வடிவம்தான். கீழ்த்தாடையின் ஒரு பாதியை மேசையில் நிறுத்துங்கள். சிங்கத்தின் தாடை அடிப்பகுதி வெளிப்புறம் வளைந்திருப்பதால் ஆடும். புலியினுடையது நேராகவோ சற்று உள்வளைந்தோ இருப்பதால் ஆடாமல் நிற்கும். அடுத்து மேலிருந்து மூக்கெலும்புகளைப் பாருங்கள். புலியில் அவற்றின் பின்முனை, பக்கத்திலுள்ள மேல்தாடையெலும்பின் முனையைத் தாண்டி நெற்றிக்குள் போகும். சிங்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் முடியும், அல்லது மேல்தாடையெலும்பு மேலே போகும். பக்கவாட்டில் பார்த்தால் புலியின் நெற்றி வளைந்தும் சிங்கத்தினுடையது தட்டையாகவும் இருக்கும். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மூன்றும் ஒரே பக்கம் சொன்னால் எழுதலாம்.

இந்தியாவில் குஜராத் தவிர வேறெங்கும் காட்டில் சிங்கம் இல்லையே, இது எதற்கு என்று தோன்றும். புலி எலும்புக்குப் பதிலாகச் சிங்க எலும்பு சர்வதேசச் சந்தையில் ஓடுகிறது. 2017-இல் தென்னாப்பிரிக்கா, பண்ணைச் சிங்கங்களின் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அதிகாரப்பூர்வமாகவே ஒதுக்கீடு கொடுத்தது. விமான நிலையத்தில் பிடிபடும் பொட்டலத்துக்கு எந்த நாட்டிலிருந்தும் வர வாய்ப்புண்டு.

பனிச்சிறுத்தைக்கு நெற்றி உயர்ந்து குவிந்திருக்கும், மூக்கறை அகலம். சிறுத்தையோடு பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். வடகிழக்கின் படைச்சிறுத்தைக்கு (கிளவுடட் லெப்பர்டு) உடலளவோடு ஒப்பிட மிக நீளமான கோரைப்பல், அதற்குப் பின்னால் பெரிய இடைவெளி.

சிறிய பூனைகள்தான் தலைவலி. தமிழ்நாட்டில் காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை, துரும்பன் பூனை மூன்றும் உண்டு. சிறுத்தைப்பூனையின் மண்டையோடு வீட்டுப்பூனையினுடையதைவிடச் சற்று நீண்டு ஒடுங்கியிருக்கும், ஆனால் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். என் கருத்து: இந்த இரண்டுக்கும் இடையே அளவை மட்டும் வைத்து யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது. டிஎன்ஏவுக்கு அனுப்புங்கள். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் லாகோன்ஸ் ஆய்வகம், டேராடூன் வன உயிரின நிறுவனம், வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றில் அந்த வசதி உண்டு. அளந்து, படமெடுத்த பிறகே துளையிட வேண்டும்.

9. கணினியிடம் கேட்பது

ஆர், பாஸ்ட் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். தெரிந்த மண்டையோடுகளின் அளவுகளைக் கொடுத்து, இனங்களைப் பிரிக்கும் சமன்பாட்டை உருவாக்கி, தெரியாததை அதில் போடலாம். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு "தெரியாது" என்று சொல்லத் தெரியாது. புலி, சிறுத்தை, சிங்கம் மட்டும் உள்ள பட்டியலில் பனிச்சிறுத்தையைப் போட்டால், 99 சதவீதம் சிறுத்தை என்று பதில் வரக்கூடும். அந்த 99, கொடுத்த மூன்றுக்குள் எது என்பதற்கான எண் மட்டுமே. ஆகவே, புதிய மண்டையோடு அந்த இனத்தின் கூட்டத்துக்குள் உண்மையிலேயே விழுகிறதா, தள்ளி நிற்கிறதா என்று வரைபடத்தில் கண்ணால் பாருங்கள். ஒரு இனத்துக்கு ஐந்தாறு மண்டையோட்டை வைத்துக்கொண்டு பத்து அளவுகளைத் திணிக்காதீர்கள். ஆண், பெண், இளசு எல்லாம் ஒரே கூடையில் வேண்டாம்.

10. அறிக்கையும் நீதிமன்றமும்

முடிவை மூன்று விதமாக எழுதலாம்: ஒன்று, "இனம் இது"; இரண்டு, "பெரும்பூனைதான், இனம் பிரிக்க இயலவில்லை"; மூன்று, "தீர்மானிக்க இயலவில்லை". மூன்றாவதை எழுதினால் விசாரணை அலுவலர் முகம் சுளிப்பார். "சிறுத்தைன்னு போட்டுடுங்களேன்" என்றும் கேட்பார். போடாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே வேறெந்த விலங்காக இருக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான். எவற்றை, எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்று அறிக்கையிலேயே வரிசையாக எழுதிவிடுங்கள்.

பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 39-ஆம் பிரிவில் நிபுணர் கருத்து வரும். உங்கள் தகுதி, பயிற்சி, அளந்த மண்டையோடுகளின் பதிவேட்டு எண்கள் எல்லாம் ஒரு தாளில் தயாராக இருக்கட்டும். டிஜிட்டல் படங்களுக்கு 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பு துளி மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறிக்க வேண்டும் என்பதால், கேமராவிலிருந்து இறக்கிய அன்றே அதை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போய் ஹாஷ் மாறிவிடும், மூலக் கோப்பையே வையுங்கள்.

சம்மன் உடனே வராது. ஆண்டுகள் கழித்தும் வரலாம், அதற்குள் நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். பேனாவால் எழுதிய மூல அளவுத் தாளை அலுவலகக் கோப்பில் ஒன்றும், நகல் உங்களிடம் ஒன்றுமாக வையுங்கள். அந்த நாளில் செல்லுபடியான காலிப்பர் சான்றிதழின் நகலையும் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். சாட்சிப் படி கிடைக்கும். அதற்குச் சம்மனும் பயணச் சீட்டும் வேண்டும், பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.